புள்ளி

எங்கள் ஊர்க் கணக்கில்
மணமானவர் இருவர் சேர்ந்து ஒரு புள்ளி.
கோயில் வரி அப்படித்தான் வசூலாகும்.
எழுத்தின் தலையில் ஏறினால்
உயிரை இறக்கிவிட்டு மெய்யை நிறுத்துவதும் புள்ளி.
காரைக்குடி ஆய்வகத்தில் நான் பார்ப்பது மூன்றாவது:
புரதத்தின் மேல் ஒட்டிய பாஸ்பேட்.

ஒட்டுபவை கைனேஸ்கள், ஐந்நூறுக்கு மேல்.
எடுப்பவை பாஸ்படேஸ்கள்.
துடைக்கிற வேலைதானே என்று
வெகுநாள் யாரும் இவற்றை விசாரிக்கவில்லை.

கோயில் கேட்டுச் சம்பந்தம் பேசும் ஊரில் பிறந்தவளுக்கு
குலம் பிரிப்பது சட்டென்று பிடிபட்டது.
செரினிலும் திரியோனினிலும் கைவைப்பவை ஒரு பங்காளிக் கூட்டம்,
உலோக அயனி இல்லாமல் அசையாது.
டைரோசினை மட்டும் தொடுபவை
ஒரே ஒரு சிஸ்டீனை நம்பிப் பிழைக்கின்றன;
கொஞ்சம் பெராக்சைடு பட்டால் வாயடைத்துவிடும்.
இரண்டு வீட்டிலும் சாப்பிடுபவையும் உண்டு.
ஒன்றுக்கு அலகு ஒன்று, பிடி இருநூறு:
எந்தப் பிடி மாட்டுகிறதோ அந்த வேலை.

என்னுடையது கால்சிநியூரின்.
கால்சியம் ஏறி, கால்மோடுலின் வந்து கட்டிக்கொள்ளும்வரை
தன் வாலைத் தன் வாயிலேயே திணித்துக் கிடக்கும்.
எழுந்தால், ஒரு புரதத்தின் புள்ளிகளை உரித்து
உட்கருவுக்குள் அனுப்பும்.
அங்கே அது போடும் தண்டோரா:
அயலான் நுழைந்திருக்கிறான்.

பகலெல்லாம் அதை எழுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
குழாயில் நிறமற்ற நீர் மெல்ல மஞ்சளாகும்,
எலுமிச்சைச் சோற்றுக்கு ஒரு பிடி குறைவான மஞ்சள்.
காரம் விட்டு நிறுத்திக் குறித்துக்கொள்வேன்.

பிறகு புதுவயல் பேருந்து.
அரிசி ஆலைச் சங்கு எட்டுக்கு ஊதும்போது
தண்ணீர்மலைக்கு டாக்ரோலிமஸ்.
பெயரில் அவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு
இரண்டு வருஷம், நாளுக்கு முக்கால் லிட்டர்.
இப்போது சொம்போடு குடிக்கிறான், சத்தமாக.
பம்ப்ளிமாஸ் மட்டும் ஆகாது.

மாத்திரை உள்ளே போய்
அவனுடைய புரதம் ஒன்றையே துணைக்குக் கூட்டிக்கொண்டு
கால்சிநியூரினின் வாசலை மறித்து உட்காரும்.
தண்டோரா நிற்கும்.
வலது அடிவயிற்றில், தையலுக்கு உள்ளே
என் சிறுநீரகம்
யாரும் ஊர் கேட்காமல் உழைக்கும்.

நேற்று கரண்ட் இல்லை, சங்கும் ஊதவில்லை.
மணி எட்டு இருபது.
இருட்டில் அட்டையைக் கிழித்துக்கொண்டே கேட்டான்:
"பகல்லயும் அதத் தூங்கவிட்டா என்ன, மெய்யம்மை?"
"எப்படி முழிக்குதுன்னு தெரியாம
எப்படித் தூங்கவைக்கிறதாம்?"
சிரித்தான். தண்ணீர் கேட்டான்.

வெளிச்சம் வந்தபோது மேசையில் கோயில் வரிச் சீட்டு:
புள்ளி ஒன்று.
அதன் முதுகில்
நாளைக்கு எந்தக் குழாயில் எத்தனை மைக்ரோலிட்டர் என்று
எழுத ஆரம்பித்தேன்.