மூன்றாம் முறை

நவம்பரில் ஒருமுறை எரிந்தது.
ஜனவரியில் ஒருமுறை.
இன்று மார்ச் ஏழு, விடிகாலை நாலு பத்து,
மறுபடியும் அதே வீடு.

வின்னிபெக்கின் வடக்கு முனை.
ஜன்னல்களுக்குப் பலகை அடித்து
யாருக்கும் வேண்டாமல் விட்ட இரண்டு மாடி.
குளிருக்கு ஒதுங்குகிறவர்கள்
மாடிக் கைப்பிடியையே ஒடித்து மூட்டுகிறார்கள்.
அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

உள்ளே ஆள் இருக்கலாம் என்கிறது ரேடியோ.
எப்போதும் இருக்கலாம்தான்.
ஏழாம் படி கிடையாது என்பது
என் காலுக்கே தெரியும்;
ஜனவரியில் அங்கேதான் நாத்யுக் முட்டியைத் தொலைத்தான்.
கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறேன்.
திறந்தாலும் புகைதானே.
என் சொந்த வீட்டு மாடியில்
இவ்வளவு நிச்சயமாக ஏறியதில்லை.

மேலே ஒருவருமில்லை.
ஒரு தூக்கப்பை.
கரண்டி செருகியபடியே ஒரு பீன்ஸ் டப்பா.
ஒருவருமில்லை என்று ரேடியோவில் சொன்னேன்.
நிம்மதி வரவேண்டிய இடத்தில்
எதுவும் வரவில்லை.
புகைக்குள் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்
பேருந்துக்கு நிற்கிறவளைப்போல.

குளிரவைக்க மூன்று மணி நேரம் ஆயிற்று.
குழாயை விட்ட தண்ணீர் தெறித்த இடத்திலேயே உறைந்து
ஏணியில் பனி, ஹெல்மெட்டில் பனி,
இமை ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது.
நிலையத்துக்கு வந்து மேலங்கியைக் கழற்றினால்
அது விழவில்லை.
கைகளைச் சற்றே அகட்டிக்கொண்டு
தரையில் தானாக நின்றது,
நான் இல்லாமலே.
டாரில் படம் எடுத்தான்.
'இனி உனக்குப் பதிலாக இதையே அனுப்பலாம், கோலெட்.'
எல்லோரும் சிரித்தோம்.
நான்தான் கடைசியாக நிறுத்தினேன்.

அந்த இரவில் பதினொரு அழைப்பு.
நெருப்பு ஒன்றே ஒன்று.
நள்ளிரவில், பேருந்து நிழற்குடையில்
உதடு நீலம் பாரித்துக் கிடந்தவனுக்கு
மூக்கில் மருந்தை அடித்தேன்.
எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டினான்:
நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டாளாம்.
மன்னிப்புக் கேட்டேன்.
எரிச்சல் இல்லை.
வெளியே சொல்லக் கூடாதுதான்,
கொஞ்சம் பொறாமை.

நிலையத்துக் குளிர்பெட்டிக் கதவில்
ஆலோசகரின் எண் ஒட்டியிருக்கிறது,
பீட்சா கடை எண்ணுக்குக் கீழே.
பீட்சா கடை எண் எனக்கு மனப்பாடம்.

வீட்டில் ரெமி ரொட்டி சுட்டான்.
கருக விட்டான்.
கூரையில் இருந்த வெள்ளை வட்டு
அலறத் தொடங்கியது.
நான் சோபாவில் இருந்தேன்,
ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் காலுறை.
எழவில்லை.
அலறல்களை எண்ணக்கூடச் செய்தேன்.
நாற்பத்தொன்று.

பத்து வயசுப் பையன்
நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏறி,
பாத்திரம் துடைக்கும் துணியால் விசிறினான்.
அது ஓய்ந்தபின் இறங்கி வந்து கேட்டான்:
'அம்மா, உனக்குக் கேக்கலையா?'
'கேட்டுச்சு.'
'அப்புறம்?'

அப்புறம் என்பதற்கு
என்னிடம் ஒன்றும் இல்லை.

அவனும் விட்டுவிட்டான்.
தொட்டிக்கு மேல் நின்று
கருகியதைக் கத்தியால் சுரண்டினான்.
கறுப்புத் தூள் வெகுநேரம் உதிர்ந்தது.
மிஞ்சியதில் வெண்ணெய் தடவி,
நாலு மூலைக்கும் ஒழுங்காகத் தடவி,
என் மடியில் வைத்தான்.

பாதி தின்றிருப்பேன், போன் அடித்தது.
நிலையத்திலிருந்துதான்.
ஆள் குறைவு, இன்றிரவும் வர முடியுமா என்று கேட்பார்கள்.
எனக்கு முன்னால் ரெமி எடுத்தான்.
'அம்மா தூங்குறாங்க' என்றான்
என் கண்ணைப் பார்த்துக்கொண்டே.

பொய் சொல்ல எங்கே கற்றான் என்று
கேட்க நினைத்தேன்.
மற்ற பூட்ஸ் கதவருகே கவிழ்ந்து கிடந்தது.
அதைப் போய் எடுக்கவும் இல்லை,
காலில் இருந்ததைக் கழற்றவும் இல்லை.