உதட்டுக்குப் பொருந்தும் சொல்

எவரார்தோவை நான் நேரில் பார்த்ததில்லை.
ஆனால் அவன் பல்லில் எது சொத்தை என்று தெரியும்.
மேல்வரிசை, இடப்பக்கம், மூன்றாவது.
சிரிக்கும்போது கேமரா அதைத் தவிர்த்துவிடும்.
அழும்போது மறந்துவிடும்.

வடபழனியில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை.
காதில் அவன் ஸ்பானிஷ், கையில் என் தமிழ்.
அவன் வாய் மூடும் இடத்தில்
என் வாயும் மூட வேண்டும்.
ப, ம
இந்த இரண்டு எழுத்துக்குத்தான் சம்பளம்.
'மி அமோர்' என்று அவன் உருகிய இடத்தில்
'அம்மாடி' என்று எழுதித் தந்தார்கள்.
உதடு பொருந்தியது.
உறவுதான் கொஞ்சம் இடித்தது.

முதல் வாரமே கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து
மைக்கில் கேட்டது:
"ஞானதிரவியம், மெக்ஸிகோ பண்ணையார்
பாளையங்கோட்டை மார்க்கெட்ல
வாழைத்தார் விலை கேக்கற மாதிரி இருக்கு."
'சொல்லுதேன்' 'சொல்கிறேன்' ஆவதற்குப்
பதினோரு டேக்.
'அவிய' போனது. 'கேட்டியளா' போனது.
'ஏல' மட்டும் போகவில்லை,
அவன் துப்பாக்கி எடுக்கும்போதெல்லாம்
தொண்டை வரை வந்து நின்றது.

துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவனாம்.
இருபத்தாறு வயதில் யாரோ பார்த்து
தோள் நன்றாக இருக்கிறதென்று கூட்டிப்போனார்களாம்.
அதற்குப் பிறகு அவனுக்கு
மூன்று கல்யாணம், ஒரு ஜெயில்,
இரண்டு ஞாபகமறதி.
அறுபது எபிசோடு கண் தெரியாமல் இருந்தான்.
அந்த அறுபதும் எனக்குச் சுகம்,
குருடன் மெதுவாகப் பேசுவான்.

நானூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடில்
கார் மலையிலிருந்து உருண்டது.
வசனம் ஒரே ஒரு 'ஆ'.
அதற்கு அரைநாள் கூலி.
அவன் அங்கே சம்பளம் கூட்டிக் கேட்டானாம்,
கம்பெனி அவனைக் கொன்றுவிட்டது.
இங்கே நான் அந்த மாதம்
வாடகைக்குத் தவணை சொன்னேன்.

பிறகு ஒரு இரட்டைப் பிறவித் தம்பி வந்தான்.
வேறு முகம், வேறு மீசை,
பல்லெல்லாம் வெள்ளைவெளேர்.
குரல் அதே நான்.
நாடு முழுக்க ஒருவரும் கேட்கவில்லை.
சமாதானபுரத்தில் எப்சிபா அக்கா மட்டும்
போன் போட்டாள்:
"இது வேற ஆளுல்லா?
தொண்டை மட்டும் ஒன் தொண்டை.
செத்தவன் எங்கலே போனான்?"
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
இரண்டு நாள் அவள் டிவி போடவில்லை.

சீரியல் முடிந்தது. அடுத்து வந்தவை கொரியாவிலிருந்து வந்தன.
அதற்குச் சின்னக் குரல் வேண்டுமாம்.

இப்போது நான்
வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில்
அறிவிப்புக் கூண்டுக்குள்.
திசையன்விளை, சாத்தான்குளம், உவரி.
ஒருநாள் 'வள்ளியூர்' என்றபோது
முறுக்குப் பொட்டலத்தோடு ஒரு பெண் சட்டென்று திரும்பினாள்,
ஒலிபெருக்கியை அண்ணாந்து
முறைத்தாள்.
மதியம் இரண்டரை மணிக்கு
அவளை ஏமாற்றிவிட்டுப் போனவன்
நான்தான் போலிருக்கிறது.

நேற்று செல்போனில் அகப்பட்டான்.
எவரார்தோ. தலை நரைத்துவிட்டது.
பின்னால் ஏதோ வீட்டு மதில், கட்டிப்போட்ட நாய்.
யாரோ கேள்வி கேட்கிறார்கள், பதில் சொல்கிறான்.
கூண்டில் மைக் திறந்திருந்ததால்
சத்தத்தை அணைத்திருந்தேன்.
யாரும் எழுதித் தராத வசனம்,
எனக்கு ஒரு சொல் தெரியாது.
ஆனாலும் அவன் மூடும் இடத்தில்
என் உதடு மூடிக்கொண்டது.
பல் இன்னும் அப்படியே.

ஏதோ ஒரு பெயரைச் சொன்னான்,
இரண்டு முறை உதடு சேர்ந்து பிரிந்து
கடைசியில் இறுக மூடியது.
அதற்குள் மணி ஏழே கால்.

"பாபநாசம்" என்றேன்.
பொருந்தியது.
"பாபநாசம், சேரன்மகாதேவி அம்பை வழி,
வண்டி பொறப்பட நிக்கி, ஏறிக்கிடுங்க."

நிக்கி என்றுதான் சொன்னேன்.
யாரும் மறு டேக் கேட்கவில்லை.