கறுப்பு வயர்

பதினோரு நாளாக
வண்டியைக் கண்மாய்க் கரைச் சரிவில்தான் நிறுத்துகிறேன்.
உருட்டிவிட்டு, கியரில் போட்டு, கிளச்சை விட்டால்
ஒரு குலுக்கு, ஒரு கரும்புகை.
அதுதான் சாவி.

வயலில் அணைக்கப் பயம்.
தூக்குவாளியைத் திறந்து நான் சாப்பிடும்போது
அதுவும் பக்கத்தில் நின்று டீசல் குடிக்கும்.

இன்று சரிவின் அடியில் யாரோ
வைக்கோல் லாரியை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.
வாய்க்காலில் தண்ணீர் விட்டு மூன்று நாள்.
சோழவந்தான் பக்கமெல்லாம் சேறு காத்துக் கிடக்கிறது.

சாவியைத் திருகினால் டக்.
ஒரே ஒரு டக்.
ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரிகிறது.

பேட்டரி புதுசு, முதல் தவணையே கட்டவில்லை.
செல்ஃப் மோட்டார் வாடிப்பட்டிக்குப் போய்
கார்பன் மாற்றி, புஷ் மாற்றி வந்தாயிற்று.
"செல்ஃபைக் குறை சொல்லாதீங்கக்கா, வயரைப் பாருங்க"
என்கிறான் தெய்வேந்திரன் போனில்.
அவனுக்கென்ன,
தேனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறான்.

அப்போதுதான் ராக்கு வந்தாள்,
முழங்கால் வரை சேறு, உச்சி வரை கோபம்.
"ஆறு மணின்னு சொன்ன. பறிச்ச நாத்து வாடுது."
"ஏறு" என்றேன். "நியூட்ரல்லதான் இருக்கு.
சொல்லும்போது திருகு."
திட்டிக்கொண்டே ஏறினாள்.

மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸில்,
மறுமுனை இன்ஜின் இரும்பில்.
திருகு.
டக்.
நாலு வோல்ட்.
ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் நாலு வோல்ட்.

கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே கீழே போனேன்.
சேஸிஸில் அது உட்காரும் போல்ட்டைக் கழற்றினால்
அடியில் நீலம்.
நான் அடித்த நீலம்.

பாகம் பிரிந்து வண்டி என் பங்குக்கு வந்த அன்று
மட்கார்டில் இருந்த கொழுந்தன் பெயரை மறைக்க
ஒரு லிட்டர் பெயிண்ட் வாங்கினேன்.
பெயருக்குக் கால் லிட்டர்கூட ஆகவில்லை.
மீந்ததை என்ன செய்ய?
வயர்களைக் கழற்றிவிட்டு
கண்ட இடமெல்லாம் இரண்டு கோட்.
கரண்டு திரும்பி வரும் வழியிலும் இரண்டு கோட்.

கதிர் அரிவாளின் மொட்டை முனையால் சுரண்டினேன்.
ஒரு ரூபாய் அகலத்துக்கு
இரும்பு வெள்ளையாக முழித்தது.
உப்புத்தாள் போட்டு, போல்ட்டை முடுக்கி
கையை எடுப்பதற்குள்
சொல்லாமலே திருகிவிட்டாள் ராக்கு.

சத்தத்தில்
லாரியின் வைக்கோலில் இருந்த மைனாக்கள் கலைந்தன.
"மணி ஏழே முக்கால்" என்று கத்தினாள் மேலேயிருந்து.
"வாடகை இப்ப இருந்துதான்.
முன்னாடி போனது உன் கணக்கு."

மத்தியானம், நட்ட நடு வயலில்,
அணைத்தேன்.
எங்கோ மடை வாயில் தண்ணீர் விழுவது
பதினோரு நாளுக்குப் பிறகு காதில் விழுந்தது.
ராக்கு வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"மறுபடி எந்திரிக்குமா?"

"சாப்பிடு" என்றேன்.