பற்று வரவு

இம்முறை புயலுக்கு வானொலி சொன்ன பெயர் லுடிவினா.
என் நாத்தனார் பெயரும் அதுதான்.
அவளும் இப்படித்தான்:
சொல்லிக்கொள்ளாமல் வந்து நாலு நாள் தங்குவாள்,
போகும்போது வீட்டில் ஏதாவது ஒன்று குறையும்.

சிரித்தோம். அது வியாழக்கிழமை.
காத்தந்துவானெஸ் எங்கள் தீவு,
பசிபிக் முதலில் கதவு தட்டும் வீடு.
தட்டுகிற சத்தம் எங்களுக்குப் பழக்கம்.

வெள்ளியன்று தகரத்தின்மேல் மழை இரைந்த இரைச்சலில்
எதிரே நின்றவனுக்கு வாய் மட்டும் அசைந்தது.
எத்தனை மெழுகுவத்தி என்று விரலால் கேட்டேன்.
ஐந்து விரல் காட்டினான்,
பிறகு காற்றில் கிறுக்கினான்.
கணக்கில் எழுது என்று அர்த்தம்.
எலெயுதேரியோ, நண்டு பிடிப்பவன்.
நான் பேனா தேடுவதற்குள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து
தானே எழுதிக் கையெழுத்தும் போட்டான்,
கடைசி எழுத்தின் வாலை நீட்டி,
ஏதோ நிலப்பத்திரத்தில் போடுகிறவன் மாதிரி.

ஆறு எங்களுக்கு முன்வாசல் பக்கம்.
வெள்ளம் வந்ததோ பின்கதவு வழியாக,
கடன் கேட்க வருகிறவனைப்போல் தயங்கித் தயங்கி.
கணுக்காலில் நின்று யோசித்தது.
பிறகு யோசிக்கவில்லை.

அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றினோம்,
மேசையைக் கட்டில்மேல்,
எங்களைப் பரண்மேல்.
மகன் கிறிஸ்புலோ கூரைத் தகரத்தை வெட்டினான்.
அந்த ஓட்டையில் முதலில் வெளியேறியது நாய்.

கூரையில் இருந்த பதினாறு மணி நேரத்தில்
பார்த்ததை எல்லாம் சொல்ல மாட்டேன்.
உலரப் போட்டிருந்த அபாகா நார்
அவிழ்ந்த கூந்தலாய்ப் போயிற்று.
என் சோப்புப் பெட்டிகள் உடைந்து தெருவெல்லாம் நுரை.
ஊரையே துவைக்கிறாயா என்று
இருட்டில் எந்தக் கூரையிலிருந்தோ ஒரு குரல்.
பன்றி ஒன்று விடியும்வரை அழுதது.
அது பன்றிதான் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி
இடுப்பில் கட்டியிருந்தேன்.
உறையில் ஓட்டை.

ஞாயிறு வெயில் அடித்தது, வெட்கமே இல்லாமல்.
தாள் தாளாகப் பிரித்துத் துணிக்கொடியில் மாட்டினேன்.
மூன்று வருஷத்து மத்தி டப்பாக்கள்,
ஒற்றை ஒற்றையாய் விற்ற சிகரெட்டுகள்,
பதினோராயிரம் பெசோவுக்குக் கொஞ்சம் குறைவு,
எல்லாம் நீலம்.
எழுத்தில்லாத வெறும் நீலம்.

வந்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும்.
கூப்பிடாமலே வந்தார்கள், முழங்கால் சேறோடு,
ஆளுக்கொரு தொகை சொன்னார்கள்.
மெல்சோர் நாற்பது என்றான்.
நானூறு என்பது எனக்கு நினைவிருந்தது.
அவனுக்கு வீடே இல்லை. நாற்பது என்று எழுதினேன்.
டீச்சர் பிரிமிதிவா வாங்கியதற்கு மேலேயே சொன்னாள்.
அதையும் எழுதினேன். வியாபாரி இல்லையா.

கடைசியாக வந்தவள் பெர்பெத்துவா.
"எலெயுதேரியோ கணக்கு" என்றாள்.
அஞ்சு மெழுகுவத்திதானே, விடு என்றேன்.
"பணம் தர வரல.
கையெழுத்துப் போட்டிருப்பாரே,
அந்தத் தாள்."

கொடியில் முப்பத்தெட்டுத் தாள்.
வரிசை எப்போதோ கலைந்திருந்தது.
ஒவ்வொன்றாய் எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தாள்,
மை போனாலும் பேனா அழுத்திய தடம் இருக்கும் என்று.
ஒன்றில் நின்றாள்.
விரல் நுனியால் ஒரு வாலைத் தடவினாள்.
"இதுதானே?"
மெல்சோருக்கும் வால் நீட்டும் வழக்கம் உண்டு.
இதுதான் என்றேன்.

இன்னும் ஈரம், மடித்தால் கிழியும்.
சோற்றுத் தட்டை ஏந்துவதுபோல்
இரண்டு கையிலும் கிடத்திக்கொண்டு
சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனாள்.

சாயங்காலம் மறுபடி தூறல்.
யாரோ இரண்டு மெழுகுவத்தி கேட்டார்கள்.
மிதந்து பிழைத்தவை கொஞ்சம் இருந்தன.
வாங்கிக்கொண்டு காற்றில் கிறுக்கினார்கள்.
சிகரெட் அட்டையின் உள்பக்கத்தைக் கிழித்து எடுத்தேன்.

இப்போதெல்லாம் பென்சிலால் எழுதுகிறேன்.