அறிவிப்புக்கு முன்

குத்தாய்சி ரயில் நிலையத்தில்
நாள் முழுக்கப் பேசத்தான் எனக்குச் சம்பளம்.
வீட்டில், பச்சானா,
உன் முன்னால் வாயை மூடக் கற்கிறேன்.

கேட்டுவிட்டுப் பத்து எண்ணுங்கள் என்றார் மருத்துவர் எலிசோ.
ஆரஞ்சை நீட்டுகிறேன்:
உரித்தா, உரிக்காமலா?
ஏழு வரைதான் தாங்குகிறது.
எட்டுக்குள் நானே பதிலும் சொல்லி
உரித்தும் தந்துவிடுகிறேன்.
"இரண்டரை வயசாச்சே" என்று
மாடிவீட்டு நோதார் இழுக்கிறார்.
இழுக்கட்டும்.

இன்று எண்ணவே மறந்துபோனேன்.
ஜன்னலில் மழை.
நீ பழத்தை வாங்கி
மைக் போல வாயருகே பிடித்து
"டிங்... டாங்."

என் ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால்
ஒலிக்கிற அதே மணி.

அப்புறம் ஒன்றுமில்லை.
பழத்தைக் கடித்துவிட்டாய், தோலோடு.

பரவாயில்லை.
வண்டி எத்தனை மணி தாமதமானாலும்
நடைமேடையை விட்டு நான் நகர்வதாயில்லை.