ஒட்டா, தொடலா

படிவத்தில் பதினான்காம் கேள்வி:
எப்போதாவது இரும்பு அரைத்ததுண்டா, வெல்டிங் செய்ததுண்டா?
சிரிப்பு வந்தது.
சிரித்தால் இடப்பக்கம் குத்தும், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
துவாக்குடியில் ஒன்பது வருஷம்,
ஹாமில்டனில் இருபத்திரண்டு.
கட்டத்தில் ஒரு டிக் போடத்தான் இடமிருந்தது.

முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்தார்கள்.
மணலளவு தூள் ஒன்று உள்ளே தங்கியிருந்தாலும்
காந்தம் அதைக் கூப்பிடுமாம்.
ஒன்றுமில்லை.
கண்ணாடி போடச் சொல்லி நாளெல்லாம் கத்திய
ஃபோர்மன் டெனிஸுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு.

பெல்ட், கழுத்துச் சிலுவை, கடிகாரம்
எல்லாம் ஸ்டெல்லாவின் கைப்பைக்குள்.
மோதிரம் இழுக்காமலே கழன்றது.
அதைப் பார்க்காத மாதிரி ஜிப்பை மூடினாள்.

டாக்டர் போன வாரமே சொல்லியிருந்தார்.
சிடி ஸ்கேனில் கட்டி தெரிகிறது;
விலாவோரம் சும்மா சாய்ந்திருக்கிறதா,
சுவரோடு ஒட்டிவிட்டதா, அது தெரியவில்லை.
ஒட்டியிருந்தால் இரண்டு விலாவும் கூடவே போகும்.
ஸ்டெல்லா குறிப்பெடுத்தாள்.
நான் எடுக்கவில்லை. இது என் தொழில்.
இரண்டு தகடு நெருங்கிக் கிடந்தால்
கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.
ஒன்றை அசைத்துப் பார்.
மற்றதும் கூட வந்தால் ஒட்டு.
தனியே வழுக்கினால் வெறும் தொடல்.

குழாய்க்குள்
பழைய கிரைண்டர் மூன்று, காற்றுச் சுத்தியல் ஒன்று,
ஷிப்ட் முடியாத பட்டறை.
காதுக்குள் அந்தப் பெண்ணின் குரல்:
மூச்சை இழுங்கள், மிஸ்டர் ஆரோக்கியசாமி. விடுங்கள்.
மெதுவாக. இன்னும் மெதுவாக.
(என் பெயரை நாலு துண்டாக்கி
அவளே பற்றவைத்துக்கொண்டாள்.)
நெஞ்சு ஏறி இறங்குவதை
எங்கோ ஒரு திரையில் படமாக ஓட்டுகிறார்கள்,
கட்டியும் கூட ஏறுகிறதா, பின்தங்குகிறதா என்று.

ஏரிக் கப்பல்களின் அடித்தகட்டில்
நான் போட்ட கோடு இன்னும் தண்ணீரைத் தடுக்கிறது.
முப்பத்தொரு வருஷத்தில் எதையும்
ஒட்டாமல் போகட்டும் என்று நினைத்ததில்லை.
இன்று, அசையக் கூடாத இடத்தில் கிடந்து,
வழுக்கு என்றேன் அதனிடம்.
பிடிக்காதே. வழுக்கிப் போ.
இழுத்தேன்.
விட்டேன்.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது.
ரிசல்ட் வெள்ளிக்கிழமை.
பார்க்கிங் மெஷின் பதினெட்டு டாலர் கேட்டது.
வரிசையில் நிற்கும்போது ஸ்டெல்லா
ஒன்றும் பேசாமல் மோதிரத்தை நீட்டினாள்.
நடுவிரலில் போட்டுப் பார்த்தேன்.
நின்றது.