எத்தனை நாளாக?

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்.
இன்சூரன்ஸ் மேசை, தரைத்தளம், மருந்துக் கடைக்கு எதிரே.
முகத்துக்கு முன்னால் அட்டையைப் பார்ப்பேன்.
பிறகு கேட்பேன்:
எத்தனை நாளாக இந்த வலி?

நல்லவாட்டுத் தாவீது மூன்று விரலைக் காட்டினார்.
நாளா, மாதமா என்று நான் கேட்கவில்லை.
வருஷம், என்றார் அவராகவே.
அத்தனை காலம் தாங்கியதைப்
பதக்கம்போல் எடுத்து மேசைமேல் வைத்தார்.
அந்த ஒரு சொல்லில் போயிற்று
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

அதற்குப்பின்
புருவத்தை ஒருமாதிரி தூக்கிக்கொண்டு
கேட்கப் பழகினேன்.
பிடிபட்டவர்கள் சொன்னார்கள்: போன வாரந்தாங்க.
பிடிபடாதவர்கள் உண்மையைச் சொன்னார்கள்.

அறுவைக்கு உண்டு, அறுத்தவர் போட்ட கையுறைக்கு இல்லை.
ஊசிக்கு உண்டு,
குத்திய இடத்தில் அழுத்திய பஞ்சுக்கு இல்லை.
இதைச் சிரிக்காமல் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பொய் சொல்லக் கூடாது.
குயிலாம்பாள் கணவருக்கு இரவு பதினொன்றுக்கு ஒப்புதல் வந்தது,
விடிவதற்குள் இதயத்தில் குழாய் வைத்தாயிற்று.
ஏதோ என் கைக்காசைக் கொடுத்ததுபோல்
தடுப்பின் துளைக்குள் விரலை நுழைத்து
என் விரலைப் பிடித்து அழுதாள்.

எனக்கு வந்தது கர்ப்பப்பையில் கட்டி.
முதலில் எலுமிச்சை என்றார்கள், அப்புறம் சாத்துக்குடி.
என் பாலிசிக்கு வயது பதினான்கு மாதம்.
இந்தக் கட்டிக்கு இருபத்துநான்கு ஆக வேண்டும்.
பக்கம் பதினொன்று, நான்காவது வரி.
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
கட்டிக்கு யார் விளக்குவது?

திருப்பாதிரிப்புலியூரில் முதல் பஸ்.
பெண்ணையாறு, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்.
நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி
எல்லா விளக்கும் எரிய ஜன்னலில் கடந்துபோயிற்று.
அங்கிருந்து இன்னொரு பஸ், கோரிமேடு.

வரிசையில் செருப்புகள் நின்றன.
ஆட்கள் மரத்தடியில்.
விழுப்புரத்து மஞ்சப்பைக்குப் பின்னால்
சிதம்பரத்து எக்ஸ்ரே உறை,
அதற்குப் பின்னால் என் தண்ணீர் பாட்டில்.
ஆறரைக்கு எல்லாரும் ஓடிப்போய்
அவரவர் செருப்புக்குள் ஏறிக்கொண்டோம்.

கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
முன்பின் தெரியாதவள் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டாள்,
பிறகு அவளுக்கு நான்.
ஸ்கேனுக்குத் தேதி நாற்பது நாள் தள்ளி.
நாற்பது நாளும் வலித்தது.
மறுபடி அதே பஸ், அதே செருப்பு.
எங்கே பணம் கட்டுவது என்று கேட்டேன், பழக்கதோஷம்.
பண்ருட்டிக்காரர் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்:
"சோப்பு வாங்கறப்பவே கட்டியாச்சும்மா.
தீப்பெட்டி வாங்கறப்ப."

டாக்டர் ஆந்திரப் பெண். சின்ன வயசு.
ராத்திரி டியூட்டி இன்னும் கண்ணுக்குக் கீழே கிடந்தது.
நிமிராமல் கேட்டாள்:
"எத்தன நாளா இருக்கு அம்மா?"

போன வாரந்தான், என்றது என் வாய்.

பேனா நின்றது.
படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இது ஒரு வாரத்தில வளராது அம்மா.
சரியா சொல்லுங்க."

நாலு வருஷம்.
சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன்,
யாராவது குறித்துக்கொள்கிறார்களா என்று.
அவள்தான் குறித்துக்கொண்டாள்.
கோழியிறகு போன்ற கையெழுத்தில்
நாலு வருஷமும் ஒரு வரியில் அடங்கிற்று.
ஆபரேஷன் மாசியில். இப்போது கார்த்திகை.
கட்டிலுக்கு இரண்டு பேர் என்று சொல்லியே அனுப்பினார்கள்.

அரைநாள் லீவுதான்.
இரண்டு மணிக்கு மேசைக்கு வந்துவிட்டேன்.
முதலியார்பேட்டையிலிருந்து ஒருத்தி,
வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு
மறு கையால் அட்டையை நீட்டினாள்.
எத்தனை நாளாக என்று கேட்க வாயெடுத்தேன்.
உள்ளே கட்டி ஒருமுறை புரண்டு படுத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவள் என் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.